தோட்டம் வாங்கப் போகிற தம்பிக்கும் அம்மிணிக்கும்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் இப்போது சனி, ஞாயிறு ஆனால் வெளியூர்க் கார்கள் வருகின்றன. இறங்குகிற பிள்ளைகள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே கேட்கிறார்கள்: “ரெண்டு ஏக்கர் போதுங்கய்யா. சின்னதா ஒரு வீடு, நாலு மாடு, கொஞ்சம் மரம்.” ஆசையில் குற்றமில்லை. ஊரில் பாதிக் காடு உழாமல் கிடக்கிற காலத்தில் நிலத்தைத் தேடி வருகிறவர்களை நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

நான் சொல்ல வருவது ஒரே ஒரு கணக்கு. வாங்கின பிறகு மாற்ற முடிகிறவை சில உண்டு: மண்ணைத் திருத்தலாம், வேலி போடலாம், வீடு கட்டலாம், மரம் வளர்க்கலாம். மாற்றவே முடியாதவையும் உண்டு: மழை, அடியில் இருக்கிற பாறை, போய் வரும் தடம், பத்திரத்தில் விழுந்த முடிச்சு, பக்கத்துக் காட்டுக்காரர். வாங்குவதற்கு முன்னால் உங்கள் நேரம் முழுவதும் மாற்ற முடியாதவற்றைப் பார்ப்பதில் போகட்டும். மாற்ற முடிந்தவற்றை வாங்கிய பிறகு நிதானமாகச் செய்யலாம். வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிலத்தை ஒரே மாதத்தில் முடித்துவிட்டு, வீட்டு வரைபடத்தை ஒரு வருஷம் திருத்துகிறார்கள்.

இது எங்கள் மேட்டுக்காட்டுக் கணக்கு. தஞ்சாவூர் வண்டலுக்கும் நீலகிரிச் சரிவுக்கும் சிலது மாறும். பத்திரம், பட்டா பற்றிச் சொல்வது தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும்.

1. எதற்காக நிலம் என்பதை வீட்டுக்குள் பேசி முடியுங்கள்.

குடியேறப் போகிறீர்களா, வாரக் கடைசிக்கு வந்து போகப் போகிறீர்களா, வருமானம் வேண்டுமா என்பதில் கணவன், மனைவி, வயதான பெற்றோர் எல்லோருக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும். பால் மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலையும் மாலையும் ஆள் நிற்க முடியாது என்றால் மாட்டை மறந்துவிட்டு மரத்தை நினையுங்கள். குடியேறுகிறவர்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் மூன்றும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு நகரத்துச் சம்பளத்துக்கு ஈடு கொடுக்கும் என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க நீங்கள் விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு மட்டும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடை உண்டு. அவர்களுக்கு விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு வாரிசாக வரலாம். விலைக்கு வாங்க முடியாது.

2. சித்திரையில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை பாருங்கள்.

தை மாதத்தில் எல்லா நிலமும் அழகுதான். கிணறு நிறைந்திருக்கும், வரப்பு பச்சையாக இருக்கும், விலையும் அதற்கேற்பச் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் போனால்தான் தண்ணீரின் உண்மை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பள்ளம் உங்கள் காட்டுக்குள் புகுகிறது, தடத்தில் வண்டி சேற்றில் மாட்டுகிறதா என்பது தெரியும். இரண்டு பருவத்துக்கும் காத்திருக்க முடியாவிட்டால் சித்திரையை விடாதீர்கள்.

3. தண்ணீரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், அளந்து பாருங்கள்.

எங்கள் பக்கம் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். அடியில் கெட்டிப் பாறை. பாறை இடுக்கில் ஓடுகிற நீர்தான் கிணற்றுக்கும் போருக்கும் வருகிறது. அதனால் ஒரு காட்டில் நல்ல தண்ணீர் வந்தது என்பதற்காக அடுத்த காட்டில் வரும் என்று சொல்ல முடியாது.

விற்கிறவர் நாலு நாள் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு நிறைந்த கிணற்றைக் காட்டுவது உண்டு. மோட்டார் போட்ட முதல் பத்து நிமிடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர். இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 தென்னை பிடிக்கும். சொட்டுநீரில் கோடைக்கு ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 70, 80 லிட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 5,000 லிட்டரைத் தாண்டும். எத்தனை ஏக்கர் வாங்குகிறீர்கள், என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

சுற்றியுள்ள நாலைந்து காட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, “உங்க போர் எத்தனை அடி?” என்பதோடு நிற்கக் கூடாது. “எத்தனை போர் போட்டீங்க, அதுல எத்தனை ஓடுது?” என்று கேளுங்கள். ஆயிரம் அடி போட்டும் புகையாக வந்த குழிகள் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். உங்கள் குறுவட்டம் நிலத்தடி நீர்க் கணக்கில் எந்த வகையில் வருகிறது என்பதையும் பாருங்கள். மிகை நுகர்வு என்று வகைப்படுத்தியிருந்தால், இன்று வருகிற தண்ணீர் அப்படியே வரும் என்று நம்பி விலை பேசாதீர்கள். தேங்காய் வைத்தும் வேப்பங்கவை பிடித்தும் நீரோட்டம் பார்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்லை வைத்து நிலத்துக்கு விலை கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

4. தண்ணீரின் குணத்தையும் சோதியுங்கள்.

ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவை ‘ஈ.சி.’ என்று குறிப்பார்கள். 1-க்குள் இருந்தால் கவலையில்லை. 2-ஐத் தாண்டினால் நீங்கள் ஆசைப்பட்ட காய்கறியில் பாதி வராது. தென்னை ஓரளவு தாங்கும்.

மேலே என்ன தொழிற்சாலை இருக்கிறது என்பதையும் பாருங்கள். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. ஆற்றை ஒட்டிய நிலம் என்றாலே நல்ல நிலம் என்று நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

5. வாய்க்கால் தண்ணீர் என்றால் ஆயக்கட்டுக் கணக்கைப் பாருங்கள்.

பக்கத்தில் வாய்க்கால் ஓடுவதால் மட்டும் உங்களுக்குத் தண்ணீர் உரிமை வந்துவிடாது. அந்தப் புல எண் ஆயக்கட்டில் இருக்கிறதா என்று பாசனச் சங்கத்திலும் நீர்வளத் துறை அலுவலகத்திலும் கேளுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிந்தது. முறை வந்தால்தான் மடை திறக்கும். கீழ்பவானியில் ஒரு பருவம் பாதி ஆயக்கட்டுக்கு நெல்லுக்கு விடுவார்கள், அடுத்த பருவம் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கு விடுவார்கள். இந்த முறை தெரியாமல் பயிர்த் திட்டம் போட்டால் தண்ணீர் வருகிற மாதத்தில் உங்கள் காடு சும்மா கிடக்கும்.

6. தடம் இல்லாத நிலம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

தடம் என்பது காலால் நடந்து போகிற ஒற்றையடி அல்ல. போர் வண்டி வர வேண்டும், எரு லாரி வர வேண்டும், தேங்காய் ஏற்றப் பெரிய வண்டி வர வேண்டும். அந்த வழி கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையாகவோ இட்டேரியாகவோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது யாருடைய பட்டாவில் ஓடுகிறது என்று பாருங்கள்.

பத்திரத்தில் ‘மாமூல் தடப் பாத்தியம் உட்பட’ என்று எழுதியிருப்பார்கள். விற்கிறவர் தன் நிலத்தில் ஓடுகிற தடத்தைத்தான் உங்களுக்கு எழுதித் தர முடியும். நடுவில் இன்னொருவர் காடு இருந்தால், இத்தனை அடி அகலம், வண்டி வாகனம் போய் வர, குழாய் பதிக்க என்று அவர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்து தர வேண்டும். “காலங்காலமா போறோம், யாரும் கேட்க மாட்டாங்க” என்பது விற்கிறவருக்குப் பொருந்தும். அவர் அந்த ஊர்க்காரர், பங்காளி முறை உள்ளவர். நீங்கள் வெளியூர்.

7. ஒவ்வொரு காகிதமும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிரையப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும் உரிமை எப்படிக் கைமாறியது என்று சொல்லும். அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம். பட்டா, வருவாய்த் துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று சொல்லும். ‘அ’ பதிவேடு அந்தப் புல எண் பட்டா நிலமா, புறம்போக்கா, நன்செய்யா, புன்செய்யா என்று சொல்லும். அடங்கல், வருஷா வருஷம் என்ன பயிர் இருந்தது, யார் அனுபவம் என்று சொல்லும். புலப்படம் நிலத்தின் வடிவத்தையும் அளவையும் சொல்லும். இவற்றில் பலவற்றை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். ஆனாலும் கிராம நிர்வாக அலுவலரை ஒருமுறை நேரில் பாருங்கள். கணக்கில் இல்லாத கதை அவருக்குத் தெரிந்திருக்கும்.

வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்தில் பதிவானதை மட்டும்தான் காட்டும். வாய்மொழிப் பாகப் பிரிவினை, பதியாத ஒப்பந்தம், குத்தகைதாரர் அனுபவம், செத்துப்போனவரின் வாரிசுகள் எதுவும் அதில் வராது. 13 வருஷம் போட்டால் போதும் என்பார்கள். 30 வருஷத்துக்குக் குறையாமல் போடுங்கள். 1975-லிருந்து இணையத்திலேயே கிடைக்கிறது.

1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்வதில், பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்றால் விற்கிறவரே அதைச் சரிசெய்து தரட்டும். “வாங்கின பிறகு மாத்திக்கலாம்” என்பதற்குத் தலையாட்டாதீர்கள். இதெல்லாம் உங்களுக்குப் புரிந்தாலும், விற்பவருக்கும் புரோக்கருக்கும் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து வாங்கிவிடுங்கள்.

8. கையெழுத்துப் போட வேண்டிய எல்லோரையும் எண்ணுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் அண்ணன் தம்பிகளோடு கணக்கு முடியாது. இந்துக் குடும்பங்களில் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை உறுதியாக்கியது. “தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு, அது கேக்காது” என்று அண்ணன் சொல்வார். தங்கச்சியின் பிள்ளைகள் கேட்பார்கள், பதினைந்து வருஷம் கழித்து, நீங்கள் வைத்த மரம் பலன் தரும் நேரத்தில். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் வர வேண்டும். மைனர் பங்கு இருந்தால் வழக்கறிஞர் வழி சொல்லும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பொது அதிகாரம் வைத்து ஒருவர் விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

9. எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடக் கூடாத நிலங்கள்.

பஞ்சமி நிலம், 1892-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கியது. அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. அது செல்லாது என்பதைவிட, அந்த மக்களுக்குச் சேர வேண்டியது என்பதே வாங்காமல் இருக்கப் போதுமான காரணம். பூமிதான நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம், நில உச்சவரம்பில் உபரியாக எடுத்து ஒப்படை செய்த நிலம் எல்லாம் இதே வரிசை. பட்டா நிலத்தோடு ஓடைப் புறம்போக்கையும் மேய்ச்சல் புறம்போக்கையும் சேர்த்து வேலி போட்டுக் காட்டுவார்கள். அதற்கும் சேர்த்து விலை கொடுத்துவிடாதீர்கள்.

உயர் அழுத்த மின்கம்பி மேலே போனால் அதன் அடியில் உயரமான மரம் வைக்க முடியாது. எரிவாயுக் குழாய் அடியில் போனால் அந்தப் பட்டையில் மரமும் கட்டிடமும் கூடாது. குழாய் போகிற வழியில் அடையாளக் கல் நட்டிருப்பார்கள், நடந்து தேடுங்கள்.

இருபது சென்ட், முப்பது சென்ட்டாகப் பிரித்து, மரம் நட்டு, நாங்களே பராமரித்து லாபம் தருகிறோம் என்கிற பண்ணைத் திட்டங்கள் புதியவை அல்ல. 1990-களில் தேக்குக் கன்றைக் காட்டி ஊர் ஊராகப் பணம் வாங்கினார்கள். நிலத்தின் பலனை விளம்பரத்தில் எழுதுகிறவரை நம்ப வேண்டாம். நீங்கள் நின்று பார்க்காத தோட்டம் உங்களுடையது ஆகாது.

10. அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஊரில் ஏக்கர், சென்ட்டில் பேசுவார்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். பட்டாவில் 0.81 என்று இருந்தால் அது 2 ஏக்கர். ஒரு ஏக்கர் 100 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி அளந்து, மூலைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பக்கத்துக் காட்டுக்காரர்களையும் அன்றைக்கு அழைத்து நிறுத்துங்கள். அவர்கள் கண் முன்னால் நட்ட கல்லுக்கு இருக்கிற மரியாதை, நீங்கள் தனியாக நட்ட கல்லுக்கு இருக்காது. கூட்டுப் பட்டாவில் ஒரு பகுதியை வாங்குவதாக இருந்தால், முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவாக்கித் தரச் சொல்லுங்கள். பதிவுக்குப் பிறகு என்றால் அந்த அலைச்சல் உங்கள் தலையில்.

11. கையில் உள்ள பணம் முழுவதையும் நிலத்தில் போடாதீர்கள்.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் விலைக்கு மேலே நிற்கிறது. அதற்குப் பிறகு வேலி, தண்ணீர், குழாய், கொட்டகை. மூன்றில் ஒரு பங்கை வாங்கிய பிறகு செலவழிக்க என்று ஒதுக்கி வையுங்கள். அது மிஞ்சவில்லை என்றால் ஏக்கரைக் குறையுங்கள். கடன் வாங்கிப் பெரிய காடு வாங்கியவர்கள் அதைக் காப்பாற்றவே இன்னொரு வேலைக்கு ஓடுகிறார்கள். சிறிய காட்டை ஒழுங்காக வைத்திருக்கிறவர்கள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

12. பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்க்காமல் பத்திரம் எழுதாதீர்கள்.

பாதிச் சண்டை பொழியில்தான் தொடங்கும். பொது வரப்பில் யார் மரம் வைத்தது, யார் நிழல் யார் வெள்ளாமையில் விழுகிறது, யார் ஆடு யார் காட்டில் மேய்ந்தது என்றுதான் பேச்சு வரும். வாங்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர் பேச்சிலேயே நிலத்தின் வரலாறு வந்துவிடும்: எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், மயிலும் காட்டுப்பன்றியும் எவ்வளவு வரும், முன்னால் வாங்க வந்தவர் ஏன் திரும்பிப் போனார் என்பதெல்லாம். கிணற்றில் பங்கு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாலில் ஒரு பங்கு என்றால் எந்த நாள், எத்தனை மணி நேரம், மோட்டார் ரிப்பேருக்கு யார் எவ்வளவு என்பது பத்திரத்திலும் இருக்க வேண்டும், ஊர் வழக்கத்திலும் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு, எல்லையிலிருந்து பத்துப் பதினைந்து அடி உள்ளே தள்ளி மரம் வையுங்கள். ஊர் நோம்பிக்கு வரி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது ஓடி வரப் போகிறவர் அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்தான்.

13. முதல் வருஷம் ஜே.சி.பி.யை உள்ளே விடாதீர்கள்.

வாங்கிய மறுவாரமே ‘சுத்தம் செய்கிறேன்’ என்று இறக்கிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் கொரங்காட்டைப் பாருங்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாட்டு இனமே அந்தப் புல்லில் மேய்ந்து வளர்ந்தது. உழவு போடாமலும் தண்ணீர் பாய்ச்சாமலும், 600 மில்லிமீட்டர் மழையில் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்றுகிற மேய்ச்சல் நிலம் அது. வெளியூர்க் கண்ணுக்கு அது முள்ளுக்காடாகத் தெரிகிறது. ஒரு நாள் இயந்திர வேலையில் மேல்மண்ணும் புல்வேரும் போய்விடும். அதற்குப் பிறகு வருகிற பார்த்தீனியத்தை எடுக்க வருஷா வருஷம் கூலி கொடுக்க வேண்டும். முதல் கணக்கில் சொன்ன ‘மாற்ற முடியாதவை’ பட்டியலில், வாங்கிய பிறகு நீங்களே சேர்த்துவிடக்கூடியது இது ஒன்றுதான்.

முதல் ஒரு வருஷம் காட்டை நடந்து பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மழையில் தண்ணீர் எந்தத் தடத்தில் ஓடுகிறது, எங்கே மண் அரிக்கிறது, எந்த மூலையில் புல் கடைசிவரை பச்சையாக இருக்கிறது என்று குறித்து வையுங்கள். சும்மா போட மனமில்லை என்றால் ஆடிப்பட்டத்தில் சோளமும் கொள்ளும் விதையுங்கள். மாட்டுக்கு மேவு ஆகும், மண்ணும் மூடும்.

14. வேலிக்கு அவசரம் வேண்டாம், எல்லைக்கு வேண்டும்.

எல்லைக் கல்லை உடனே நட்டுவிடுங்கள். கல்தூணும் முள்கம்பியும் தேவைப்படுகிற பக்கத்துக்கு மட்டும் போடுங்கள். மற்ற பக்கங்களில் கிளுவைக் குச்சியை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றி விடலாம். நடுவில் நொச்சி, ஆடாதோடை, கொடுக்காப்புளி வைக்கலாம். பொழியோரம் பனங்கொட்டை போடலாம். நாலைந்து வருஷத்தில் ஆடு நுழையாத வேலி எழும்பிவிடும். கம்பி வருஷத்துக்கு வருஷம் துருப்பிடிக்கும். கிளுவை வருஷத்துக்கு வருஷம் தடிக்கும்.

15. முதலில் மழைத்தண்ணீருக்கு இடம், பிறகு போருக்கு.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். ஆண்டு முழுவதும் 600 மில்லிமீட்டர் என்றால் 24 லட்சம் லிட்டர் உங்கள் ஏக்கரில் விழுகிறது. அதில் பாதியைப் பள்ளத்துக்கு விட்டுவிட்டு, ஆயிரம் அடிக்குப் போர் போடப் பணம் தேடுகிறோம். சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுங்கள். வரப்பின் மேல்பக்கம் குழி வெட்டுங்கள். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். பண்ணைக்குட்டைக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியத் திட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள். சொட்டுநீருக்கு ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கிற சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. உங்கள் பெயரில் பட்டா மாறியிருந்தால்தான் அது கிடைக்கும்.

16. மண்ணைச் சோதித்து, உயிரேற்றி, பிறகு மரம் வையுங்கள்.

வாங்கும்போதே மூன்று, நாலு அடிக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். ஒரு அடியிலேயே சுக்கான் கல் வந்துவிட்டால் மரப்பயிர் திணறும். அதை மாற்ற முடியாது. மேல்மண் மெலிந்திருப்பதை மாற்றலாம். ‘வி’ வடிவத்தில் அரை அடிக்கு வெட்டிப் பத்துப் பதினைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ மட்டும் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி பக்கம் எடுக்காதீர்கள்.

பலதானிய விதைப்பு செலவு குறைந்த வழி. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் என்று கலந்து ஏக்கருக்கு இருபது, இருபத்தைந்து கிலோ விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுவது. இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்னது இதைத்தான். அவர் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வறண்ட நிலத்தில் உருவாக்கிய வானகத்தைப் போய்ப் பாருங்கள். மோசமான மண்ணைப் பார்த்து மனம் உடைகிறவர்களுக்கு அது நல்ல மருந்து.

17. கரண்டும் கட்டிடமும்.

விவசாய இலவச மின் இணைப்பு இருக்கிற கிணறு என்றால் இணைப்பு யார் பெயரில், எத்தனை குதிரைத்திறன், கூட்டு இணைப்பா என்று பாருங்கள். கிரையம் முடிந்ததும் பெயர் மாற்றிவிடுங்கள். புதிதாக விண்ணப்பித்தால் வருஷக் கணக்கில் காத்திருக்க நேரிடலாம். சூரியசக்தி மோட்டாரையும் கணக்கில் வையுங்கள். அந்த இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு.

முதலில் ஒரு மோட்டார் அறை, சாமான் வைக்க ஒரு கொட்டகை, ஒரு கழிவறை போதும். ஒரு வருஷம் அதில் தங்கிப் பார்த்தவர்கள் வீட்டை வேறு இடத்தில் கட்டுகிறார்கள், சிறியதாகவும் கட்டுகிறார்கள். வீட்டுக்கு ஊராட்சி அனுமதி வாங்குங்கள். மாட்டுக் கொட்டகை நீளவாக்கில் கிழக்கு மேற்காக இருக்கட்டும்; வெயில் உள்ளே இறங்காது. மேற்கே காற்றுக்கு மரவரிசை இல்லாமல் தகரக் கூரை போட்டால் ஆடியில் அதைப் பக்கத்துக் காட்டில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

18. பயிரை ஆள் கணக்கிலும் சந்தைக் கணக்கிலும் முடிவு செய்யுங்கள்.

காலையில் பனியன் கம்பெனி பஸ் ஊருக்கு ஊர் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மிளகாய் பறிக்கவும் வெங்காயம் எடுக்கவும் பத்துப் பேர் ஒரே நாளில் வேண்டும் என்றால் கிடைக்காது. உங்கள் வீட்டு ஆட்கள் எவ்வளவு பார்க்க முடியுமோ அந்த அளவுக்குக் காய்கறி, மீதிக்கு மரமும் மேவும் என்று வையுங்கள். எது விளைந்தாலும் எங்கே போகும் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கொப்பரைக்குக் காங்கேயம், முருங்கைக்கு வெள்ளகோவில், காய்கறிக்கு ஒட்டன்சத்திரம், பாலுக்கு ஊரிலுள்ள சங்கம். ஒரே பயிரில் முழுக் காட்டையும் நிரப்பாதீர்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ, தென்னையை மட்டும் நம்பியிருந்தவர்களை என்ன செய்தது என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

19. வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள்.

நிலம் மனசுக்குப் பிடித்துவிட்டால் எல்லாக் குறைக்கும் நாமே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவோம். அதனால் பார்க்கப் போகும் முன்பே காகிதத்தில் எழுதிவிடுங்கள்: சித்திரையில் தண்ணீர், பதிவான தடம், எல்லா வாரிசின் கையெழுத்து, பேசக்கூடிய பக்கத்துக்காரர். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். புரோக்கர், “நாளைக்கு வேற பார்ட்டி வருது” என்பார். வரட்டும். நாலும் சரியாக இருந்து, மண் கொஞ்சம் மெலிந்து, வேலி இல்லாமல், பார்க்க வறண்டு கிடக்கிற காடு ஒன்று கிடைத்தால் யோசிக்காதீர்கள் கண்ணு. அதை வாங்குங்கள். மற்றதை உங்கள் கையே செய்துவிடும்.